பின்பால் ஷோவில் புது மெஷின் தவிர வேறு என்ன இருக்கிறது?

தக்கலைக்காரன்:
சித்தப்பா மகன் சிகாகோவில் இருக்கிறான். அக்டோபர் வந்தால் லீவு போட்டுவிட்டு, சரிவான பலகையில் உருளும் குண்டு கீழே விழாமல் அடித்து ஆடும் பின்பால் மெஷின்களின் கண்காட்சியான பின்பால் எக்ஸ்போவுக்குப் போய்விடுவான், தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட அந்தத் தேதியைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டான். என்ன புது மெஷின் வருகிறது என்பது அன்றைக்கே வீடியோவில் வந்துவிடுகிறதே, பிறகு எதற்கு நேரில்? அடுத்த அக்டோபரில் நானும் அங்கே இருப்பேன், என்னையும் கூப்பிடுகிறான். அதனால்தான் கேட்கிறேன்.

கோட்டாறு அண்ணாச்சி:
மக்கா, அங்கே வேலை பார்த்த காலத்தில் மூன்று தடவை போயிருக்கிறேன். 1985 முதல் நடக்கிற ஷோ அது. புது மெஷின் முன்னால் வரிசை நிற்கும், நான் நேரே பழைய மெஷின்கள் பக்கம் போய்விடுவேன். யாரோ ஒருவர் வீட்டில் வைத்துப் பழுது பார்த்த மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, காசு போடாமல் யார் வேண்டுமானாலும் ஆடட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அறுபதுகளில் செய்த ஒன்றை ஆடினேன். திரையே கிடையாது, ஸ்கோர் ஏறும்போது நிஜ மணி அடிக்கும், உள்ளே ரிலே என்கிற மின் சுவிட்ச் விழுகிற அதிர்வு உள்ளங்கையில் தெரியும். வீடியோவில் அது எப்படி வரும்?

இன்னொன்று, ஒரே மெஷின்கூட எல்லா இடத்திலும் ஒன்றுபோல் ஆடாது. பந்து 27 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு, சுமார் 80 கிராம். பலகையின் சரிவு பெரும்பாலும் 6.5 டிகிரி, அரை டிகிரி கூடினாலே ஆட்டம் வேகமாகிவிடும். ஆடம்ஸ் ஃபேமிலி என்று 1992இல் வந்த மெஷின், 20,000க்கு மேல் விற்றது. அது இரண்டு அடுத்தடுத்து நின்றன, ஒன்றில் பந்து மோதுகிற ரப்பர் புதுசு, பந்து தெறித்துக்கொண்டு போனது, மற்றதில் சோம்பலாக உருண்டது. ஒரே பெயர், இரண்டு ஆட்டம்.

மார்த்தாண்டம் வைண்டிங்:
நான் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறவன், துபாயில் இருந்தபோது ஒரே ஒரு தடவை ஆடினேன், அதிலிருந்து விடவில்லை. ஃபிளிப்பரை, அதாவது பந்தை அடிக்கிற கையை, இழுப்பது செம்புக் கம்பி சுற்றிய சுருள்தான். பழைய மெஷின்களில் ஃபிளிப்பர் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன சுவிட்ச் திறந்து கரண்டைக் குறைக்க வேண்டும், திறக்காவிட்டால் சுருள் கருகிவிடும், அந்தக் காண்டாக்டில் அழுக்கு பிடித்தால் அடி பலமிழந்துவிடும். வில்லியம்ஸ் கம்பெனி 1999இலேயே பின்பால் மெஷின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் அவர்களுடைய மெஷின்கள் இன்றைக்கும் ஓடுகின்றன என்றால், ஷோவில் உதிரிபாகம் விற்கிறவர்களும் பழுதுபார்க்கும் வகுப்பு எடுக்கிறவர்களும்தான் பெரிய காரணம். தம்பி, போனால் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

சுசீந்திரம் அக்கா:
எங்கள் ஊர் மார்கழித் தேரும் வருஷா வருஷம் அதே தேர்தான். பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் ஒன்பதாம் திருவிழாவுக்கு எப்படியும் வந்து வடம் பிடித்துவிடுவார்கள், தேர் புதுசா என்று யாரும் கேட்டதில்லை. டெக்சாஸில் ஒரு ஷோவுக்கு நானும் போனேன். அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் அங்கே நாள் முழுக்கப் பேசினார். ஒரு மெஷினில் நான்கு பேர் வரை மாறி மாறி ஆடலாம், நம் முறை வரும்வரை அடுத்தவர் பந்தைத்தானே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், பேச்சு தானாக வந்துவிடுகிறது.

தக்கலைக்காரன்:
சரி, போகிறேன். அண்ணாச்சி, மெஷினைப் பிடித்து ஆட்டலாமா? சித்தப்பா மகன் இடுப்பால் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன்.

கோட்டாறு அண்ணாச்சி:
லேசாகத் தள்ளலாம், அதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். உள்ளே ஒரு வளையத்துக்கு நடுவில் குண்டு தொங்கும், பலமாக ஆட்டினால் அது வளையத்தில் பட்டு ‘டில்ட்’ ஆகிவிடும், ஃபிளிப்பர் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு. ஒவ்வொரு மெஷினிலும் அது எவ்வளவு தாங்கும் என்பதைக் கொண்டுவந்தவரிடமே கேள், சந்தோஷமாகச் சொல்வார்.