பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சதாம் என்று பெயர்

1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது என் அத்தா அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு 11 வயது. ராமநாதபுரம் பக்கத்தில் சின்ன ஊர். ஏழு வாரம் கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. ராத்திரியானால் அம்மா ரேடியோவில் பிபிசி தமிழோசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செப்டம்பர் கடைசியில் அத்தா ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார். பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான் எல்லைக்குப் போய், பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறியிருக்கிறார். 59 நாளில் 488 விமானங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்தபின் படித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவர் கொண்டுவந்த தினார் நோட்டை மாற்றித் தர யாரும் இல்லை என்பதுதான்.

ஜனவரி 17-ல் அமெரிக்கா குண்டு போடத் தொடங்கியதும் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. சலூன் சுவரில் இராக் அதிபர் சதாம் படம். அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயில் எண்ணெய் நிரப்பிப் போகின்றன என்று தெரிந்ததும் அவ்வளவு கோபம். டீக்கடையில் இராக்கின் ஸ்கட் ஏவுகணை எத்தனை விழுந்தது, அமெரிக்காவின் பேட்ரியாட் எத்தனை தடுத்தது என்று ஸ்கோர் கேட்பது போலக் கேட்டார்கள். "நீங்க நேர்ல பாத்தவுக, சொல்லுங்க பாய், யாரு ஜெயிப்பா?" அத்தா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அம்மாவுக்கோ சதாம் பெயரைக் கேட்டாலே ஆத்திரம். "நம்ம சோத்துல மண்ணப் போட்டவன்" என்பார்.

பிப்ரவரி 13-ல் பாக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தில் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் 400 பேருக்கு மேல், எல்லாம் அடைக்கலம் புகுந்த சாதாரண ஜனங்கள். செய்தியைக் கேட்ட அன்று அத்தா சாப்பிடவில்லை. தப்பி வந்த வழியில், பாக்தாத்தில் ஒரு கிழவி இவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் கொடுத்திருக்கிறாள். "அது எந்தத் தெருவுல இருக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா அன்றைக்குச் சதாமைத் திட்டவில்லை.

அந்த மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். சதாம் உசேன். அம்மா காய்ச்சலில் படுத்திருந்ததால் அத்தா என்னைத்தான் கூட்டிப் போனார். பெயரைச் சொன்னபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை மடியில் வாங்கினார். பத்து ரூபாய் நோட்டை மடித்து அதன் கைக்குள் வைத்தார். ரொம்ப நேரம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

வெளியே வந்ததும், "இன்னைக்கு அம்மாட்ட பேரைச் சொல்லாத" என்றார்.