பழைய சோறு கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

வெண்கலப்பானை: மதுவைத் தொட்டே பார்க்காத என் மாமனாருக்கு ஸ்கேனில் 'கிரேடு 2 கொழுப்புக் கல்லீரல்' என்று வந்திருக்கிறது. 2023இல் சீனாவில் 200 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நான்கு மாதம் தினமும் 40 கிராம் செரிக்காத மாவுச்சத்து உண்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. ஆறிய சோற்றிலும் அந்த மாவுச்சத்து உண்டாகிறது. ஆகவே காலையில் பழைய சோறு கொடுக்கிறோம்.

கணக்குப்பிள்ளை: அவர்கள் கொடுத்தது மக்காச்சோள மாவு. சுடுசோறு 100 கிராமில் செரிக்காத மாவுச்சத்து சுமார் 0.64 கிராம், பத்து மணி நேரம் ஆறவைத்தால் 1.30. 40 கிராம் சேர வேண்டுமானால் மூன்று கிலோ சோறு வேண்டும். கல்லீரல் இளைப்பதற்குள் மாமனாரின் வேட்டி இடுப்பில் நிற்காது.

வெண்கலப்பானை: கிண்டல் இருக்கட்டும். எடை குறைந்ததைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஆய்வில் பலன் தெரிந்தது. குடல் பாக்டீரியாக்களும் மாறின. நீராகாரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டே!

கணக்குப்பிள்ளை: உண்டு. ஆனால் குடலில் குடியிருப்பவை எல்லாமே நமக்கு வேண்டியவையா? 2019இல் வெளியான பெய்ஜிங் ஆய்வைப் பாருங்கள். ஒரு நோயாளிக்கு மாவுச்சத்து நிறைந்த உணவு உண்டாலே போதை ஏறியது. குடலுக்குள் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தது! அங்கே பரிசோதித்த கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளில் பத்தில் ஆறு பேரிடம் சாராயம் காய்ச்சும் வகை இருந்தது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தது. குடலின் இரத்தம் முதலில் போய்ச் சேரும் இடமே கல்லீரல்தான். மது தொடாதவர் என்ற சான்றிதழ் அங்கே செல்லாது. அப்படிப்பட்ட குடலுக்கு இன்னும் சோறா?

வெண்கலப்பானை: மாமனாருக்குப் போதை ஏறவில்லை ஐயா, கோபம்தான் ஏறுகிறது.

மருதாணி: இருவரும் பானையை விட்டு வெளியே வாருங்கள். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கல்லீரல் தேறுகிறது. மாமனாரின் எடை என்ன? காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?

வெண்கலப்பானை: 81 கிலோ. சர்க்கரை இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு நான்கு முறை. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் வடகமும், எண்ணெயில் பொரித்தவை. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை: சின்ன வெங்காயத்துக்கு மாறச் சொல்லுங்கள். சோற்றைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.