மறு: 'தௌகுங்' தமிழில்: 'அடுக்குப் போதிகை' என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு,

கன்பூசியஸ் கோயில்களுக்கான பயணக் கையேட்டில் சீனக் கட்டடக்கலைச் சொல்லான 'தௌகுங்' வருகிற இடத்தில் என்ன போடுவது என்ற பேச்சு நீண்டுகொண்டே போகிறது. ஐயா எழுதியிருந்தது:

> தூணுக்கும் கூரைக்கும் நடுவில் வரும் மரவேலைப்பாடு. 'அலங்காரத் தாங்கி' என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

ஐயா, அந்தச் சொல்லின் இரண்டு பாதியிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது. 'தாங்கி'யை இயந்திரவியல்காரர்கள் பேரிங்குக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'அலங்காரம்' அதைவிடச் சிக்கல். பெய்ஜிங் கோயிலையோ சூஃபூ கோயிலையோ மட்டும் பார்த்தவருக்கு அது அலங்காரமாகத்தான் தெரியும். சூஃபூவின் தாச்செங் மண்டபம் 1724இல் இடி விழுந்து எரிந்து, 1730இல் கட்டி முடிக்கப்பட்டது. முன்வரிசையில் நாகம் சுற்றிய 10 கல்தூண்கள் (நம் நாகமில்லை, டிராகன்). வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். மேலே பச்சையும் நீலமுமாகத் தீட்டிய சின்னச் சின்னக் கட்டைகள் இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) முழுக்க நெருக்கியடித்து நிற்கின்றன. சீனாவின் கடைசி அரசமரபான சிங் காலத்துப் பாணி அது.

ஹெபெய் மாகாணத்துச் செங்திங்குக்குப் போனால் கதை வேறு. அங்குள்ள கன்பூசியஸ் கோயிலுக்குக் கூட்டம் வருவதில்லை, ஊரில் பெரிய பௌத்தக் கோயில் இருப்பதால் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். 1933இல் சீனக் கட்டடக்கலை வரலாற்றாளர் லியாங் சிச்செங் அந்த ஊருக்கு வந்து பழைய கட்டடங்களை அளந்தபோது, இங்குள்ள மண்டபம் பத்தாம் நூற்றாண்டின் ஐந்து அரசமரபுக் காலத்ததாக இருக்கலாம் என்று கணித்தார். கன்பூசியஸ் கோயில் மண்டபங்களில் எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். ஒற்றைக் கூரை, முகப்பில் ஐந்து பத்தி (இரு தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி), அவ்வளவுதான். ஆனால் இறவாணத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தூண் தலையில் ஒரு பெரிய சதுரக் கட்டை, அதன் மேல்முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி எடுத்திருக்கும். அதில் உட்கார்ந்த கை ஒன்று வெளியே நீள, அதன் நுனியில் ஒரு சின்னக் கட்டை, அதற்குமேல் இன்னும் தள்ளி நீளும் இரண்டாவது கை. கூரையின் வெளிவிளிம்பு முழுக்க இந்தக் கைகளின் மேல்தான் நிற்கிறது. கழற்றினால் இறவாணம் கீழே வந்துவிடும். இதையா அலங்காரம் என்பது?

அக்கா சொன்ன 'மரப் போதிகை' எனக்குப் பாதி பிடித்திருக்கிறது. போதிகை நம் ஸ்தபதிகளின் அன்றாடச் சொல். தூணின் தலையில் உட்கார்ந்து இருபுறமும் கை நீட்டி உத்திரத்தை ஏந்துவது. தரங்கப் போதிகை, வெட்டுப் போதிகை, புஷ்பப் போதிகை என்று அடைமொழி சேர்த்து வகை பிரிப்பதும் பழக்கத்தில் உள்ளதுதான். ஆகவே இன்னொரு அடைமொழியை அது மறுக்காது. ஆனால் 'மர' வேண்டாம் என்பேன். டோக்கியோவின் யுஷிமா கன்பூசியஸ் கோயில் 1923 நிலநடுக்கத் தீயில் எரிந்தபின், 1935இல் பழைய மரக் கட்டடத்தின் உருவத்தையே கான்கிரீட்டில் வார்த்து எழுப்பினார்கள். அதற்கு என்ன பெயர் வைப்போம்? அமைப்பை முன்வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் இதன் அடையாளம், எனவே 'அடுக்குப் போதிகை'.

சிற்பக்கலை நண்பரின் ஆட்சேபம் நியாயமானது:

> போதிகை என்றால் கீழே தூண் இருக்க வேண்டுமே. சீனக் கோயில்களில் இரண்டு தூண்களுக்கு இடையில், உத்திரத்தின் மேலும் இவை இருக்கின்றனவே?

இருக்கின்றன. பழைய கட்டடங்களில் தூண்தலையில் இருப்பவைதாம் பெரியவை, இடையில் ஒன்றிரண்டு வந்தால் அதிகம். பிற்காலத்தில் இடையில் வருபவை பெருகி, எல்லாமே சிறுத்துப்போயின. சீனாவில் 857இல் கட்டிய ஃபோகுவாங் பௌத்தக் கோயில் மண்டபத்தில் அடுக்கின் உயரம் தூண் உயரத்தில் ஏறக்குறையப் பாதி. சிங் காலத்து மண்டபங்களில் அது எங்கோ சுருங்கிவிட்டது. எனவே தூண்மேல் அடுக்கு, இடை அடுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். கொரியாவில் இந்த வேறுபாட்டை வைத்தே இரு பாணிகளைப் பிரிக்கிறார்கள். தூண்தலையில் மட்டும் வைப்பது 'சுசிம்போ', இடையிலும் வைப்பது 'தாபோ'. சியோல் கன்பூசியஸ் கோயிலின் முதன்மை மண்டபம் ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து, 1602இல் மீண்டும் எழுந்தது. அது தாபோ வகை. தாபோவைப் 'பல்போதிகைப் பாணி' என்று சொல்லிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

உறுப்புகளுக்கு வருவோம். நீளும் உறுப்புக்கு 'கை' போதும், கைமரத்தோடு (கூரைச் சட்டம்) யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கையின் குறுக்குவெட்டுத்தான் கட்டடம் முழுவதற்கும் அளவுகோல். 1103இல் வெளியான லீ ஜியேயின் 'யிங்சாவ் ஃபாஷி' என்ற சீனக் கட்டுமான நூல் அதை உயரம் 15, அகலம் 10 என்ற விகிதத்தில் வைத்து, கட்டடத்தின் தகுதிக்கேற்ப எட்டுத் தரமாகப் பிரிக்கிறது. எனவே அளவு அலகுக்கு 'கைமானம்' என்று வைத்தால் ஸ்தபதிகளும் சண்டைக்கு வரமாட்டார்கள் என நினைக்கிறேன்.

சிக்கல் 'ஆங்' என்ற சாய்ந்த உறுப்பில்தான். முன்நுனி இறவாணத்தை ஏந்த, வால் உள்ளே போய்க் கூரையின் எடைக்கு அடியில் அடங்கியிருக்கும். ஏற்றமரம் போலத்தான், உள்பாரம் வெளிபாரத்தை நிறுத்துகிறது. குழுவில் 'நெம்புகை' என்று வந்த பரிந்துரை இதற்குக் கச்சிதம். ஆனால் மிங், சிங் காலக் கோயில்களில் பெரும்பாலும் கிடையாக நீளும் கையின் நுனியை மட்டும் மூக்குப்போலச் செதுக்கி விட்டிருப்பார்கள். அது எதையும் நெம்புவதில்லை. கையேட்டை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற பயணி நம்மைத்தான் திட்டுவார். 'சாய்கை' என்று பொதுவாக வைத்து, பிந்தையதைப் 'பொய்ச் சாய்கை' எனலாம்.

தூண் தலையில் உட்காரும் சதுர அடிக்கட்டைக்கு மட்டும் நான் எதையும் முடிவு செய்யவில்லை. சீனத்தில் அது தானியம் அளக்கும் பாத்திரத்தின் பெயர். 'மரக்கால்' என்று அப்படியே போட ஆசைதான். ஆனால் கட்டடக் குறிப்பில் 'மரக்கால்' என்று வந்தால் படிப்பவர் மரத்தூண் என்றல்லவா நினைப்பார். 'அம்பணம்' பழைய சொல், அகராதி இல்லாமல் யாருக்கும் புரியாது. 'ஏந்துகட்டை' சுமார்தான். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகத் தச்சு வேலை தெரிந்தவர்கள்.