கஞ்சாவை விட்டுவிட்டால் ஐஸைப் பிடிக்கலாமா?

உப்புவெளியான்:
பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு 22 வயது. கட்டாருக்குப் போக எல்லாம் சரி, மெடிக்கலும் முடிந்துவிட்டது. பந்தடித்துவிட்டு வரும் வழியில் பொலிஸ் மறித்தது. சட்டைப் பையில் ஒரு சின்னக் கஞ்சாச் சரை, இரண்டு பீடிக்குக் காணும். ஓர் இரவு கூட்டுக்குள். மறுநாள் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினான். அந்தக் காசு பெரிய விசயம் இல்லை. பொலிஸ் ரிப்போர்ட்டில் அது ஏறிவிட்டது. ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குத் தாயோடு கூடப் போனது நான்தான். வெளியே மரநிழலில் நிற்கும்போது மான் ஒன்று வந்து அவ கையில் இருந்த சோற்றுப் பார்சலை இழுத்தது. எங்கள் திருகோணமலை மான்களுக்குப் பயம் என்று ஒன்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவ கலைக்கவே இல்லை. தாளோடு சேர்த்து அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

நான் சொல்வது இதுதான். கஞ்சாவை அரசாங்கமே வயது பார்த்து, வரி போட்டு விற்கட்டும். 1971இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்றார். 2012இல் அதே நாட்டில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வாக்கெடுத்துக் கஞ்சாவை விடுவித்தன. இலங்கையில் நாங்களோ 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்று பேர் வைத்துப் பொலிஸை இறக்கி அந்தப் பழைய யுத்தத்தைப் புதிதாகத் தொடங்கினோம். ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் குறைந்ததா? உங்கள் ஒழுங்கையில் கேட்டுப் பாருங்கள்.

சிவன்கோயிலடி டீச்சர்:
தம்பி, அந்தத் தாயை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் வரி போட்டு விற்றால் கள்ளச் சரக்கு ஒழியும் என்பதை நான் நம்பமாட்டேன். சாராயம் அப்படித்தானே விற்கிறது? லைசன்ஸ் இருக்கிறது, 21 வயது என்ற சட்டம் இருக்கிறது, பௌர்ணமிப் போயாவுக்குப் பூட்டு இருக்கிறது. கசிப்பு ஒழிந்ததா? சாராயத்தின் விலை ஏற ஏறக் கசிப்புக்குத்தான் ஆள் கூடுகிறது.

34 வருடம் படிப்பித்தவள் நான். காலையில் சாப்பிடாமல் வந்து இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலை வைக்கும் பிள்ளையைப் பார்த்தால், முதல்நாள் தகப்பன் எங்கே நின்றார் என்று சொல்லிவிடுவேன். லைசன்ஸ் உள்ள கடையில்தான் நின்றிருப்பார்.

திருக்கடலூர் வலைக்காரன்:
டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கறுப்புக் கோட்:
சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அபாயகரமான அவுடதங்கள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1929ஆம் ஆண்டுச் சரக்கு. 1984இல் திருத்தினார்கள்: 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள். 2022இல் மறுபடி திருத்தி ஐஸுக்கு 5 கிராம் என்றார்கள். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கில் போடவில்லை. தாளில் தூக்குக் கயிறு, தெருவில் தூள். பயம் காட்டித் திருத்துவது என்ற கணக்கு 40 வருடமாகப் பிழையாகிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. வழக்குகளில் பிடிபடும் கஞ்சாவை ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு, லேகியத்துக்கு. 2025இல் மீரிகமவில் ஏற்றுமதிக்கு மட்டும் என்று வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கஞ்சா பயிரிட அனுமதியும் கொடுத்தார்கள். டொலர் கொண்டுவந்தால் மூலிகை, பெடியன் பையில் இருந்தால் போதைப்பொருள்.

கிண்ணியா நானா:
என் காக்காவின் (அண்ணனின்) மகன் ஐஸுக்கு அடிமை. வீட்டில் ஃபேன், கேஸ் சிலிண்டர், உம்மாவின் வளையல் எல்லாம் போய்விட்டது. அவன் தொடங்கியது கஞ்சாவில். அதனால் யாரும் கஞ்சா சின்ன விசயம் என்று என்னிடம் கதைக்க வரவேண்டாம்.

உப்புவெளியான்:
நானா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். கஞ்சாவில் இருந்து ஐஸுக்கு எப்படிப் போனார்?

கிண்ணியா நானா:
எடுக்கிற இடத்தில்தான். ஒரு கிழமை கஞ்சா வரவில்லையாம். "அது இல்லை, இதைக் கொஞ்சம் பாவித்துப் பார், காசு பிறகு தா" என்று கொடுத்திருக்கிறான்.

உப்புவெளியான்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். இரண்டும் ஒரே ஆளின் பையில் இருப்பதுதான் பிரச்சினை. நெதர்லாந்தில் ஒல்லாந்தர் 1976இலேயே சட்டத்தை மாற்றியது இந்தக் காரணத்துக்குத்தான். கஞ்சா வாங்கப் போகிறவன் ஹெரோயின்காரனின் முகத்தைப் பார்க்கக்கூடாது.

கிண்ணியா நானா:
நீங்கள் கடை திறந்தால் என் காக்காவின் மகன் அந்தக் கடையோடு நின்றிருப்பான் என்று எழுதித் தருவீர்களா? தரமாட்டீர்கள்.

வார்ட் நேர்ஸ்:
இரண்டு பக்கமும் கேட்டேன். மனநல வார்டில் வேலை செய்கிறேன், ஊரையும் ஆஸ்பத்திரியையும் விடுங்கள். கஞ்சா இழுக்கிற எல்லாருக்கும் விசர் பிடிக்காது. ஆனால் 15, 16 வயதில் தொடங்கித் தினமும் இழுத்தவர்களில் சிலருக்குக் குரல் கேட்கத் தொடங்குகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூட. போன மாதம் ஒரு பெடியன் வந்தான். ஃபேன் சத்தத்துக்குள் யாரோ தன் பேரைச் சொல்கிறார்கள் என்று மூன்று இரவு நித்திரை இல்லை. ஃபேனை நிறுத்தினோம், பிறகு பைப்புத் தண்ணீரில் கேட்டது.

கடை திறந்த நாடுகளையும் பாருங்கள். கனடா 2018இல் திறந்தது. கஞ்சா கலந்த இனிப்பைத் தெரியாமல் தின்ற சின்னப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது அங்கே கூடியது. தாய்லாந்து 2022 ஜூனில் பட்டியலில் இருந்து கஞ்சாவை எடுத்தது, ஒழுங்கான சட்டம் வருமுன்பே தெருவுக்குத் தெரு கடை. 2025இல் வைத்தியர் துண்டு வேண்டும் என்று திரும்பவும் இறுக்கினார்கள்.

உப்புவெளியான்:
தாய்லாந்து செய்தது அவசரக் கூத்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உருகுவேயைப் பாருங்கள். 2013இல் சட்டம், 2017இல்தான் பார்மசியில் விற்பனை. பேர் பதிந்த உள்ளூர் ஆளுக்கு மட்டும், மாதம் 40 கிராமுக்கு மேல் கிடையாது. சுற்றுலாக்காரருக்கு இல்லவே இல்லை. நிலாவெளியில் இரண்டு அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன்.

சிவன்கோயிலடி டீச்சர்:
பேர் பதிந்து, அளந்து, மாதக் கணக்கில்? இந்த நாட்டில்?

உப்புவெளியான்:
2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வைத்துக் கிழமைக் கணக்கில் அளந்து கொடுத்த நாடுதானே டீச்சர்!

சிவன்கோயிலடி டீச்சர்:
அந்தக் கியூஆரையும் விற்றவர்கள் நாங்கள்தான் தம்பி.

திருக்கடலூர் வலைக்காரன்:
கடல் பக்கத்தை ஒருவரும் கதைக்கவில்லை. கேரளக் கஞ்சா என்று பேர்தானே ஒழிய, பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா மலைப்பக்கம் விளைவது. தமிழ்நாட்டுக் கரையில் ஏற்றி மன்னார், பருத்தித்துறைப் பக்கம் இறக்குவார்கள். நேவி பிடித்தால் உள்ளே போவது படகோட்டி. கூலிக்கு ஓடினவன். பொதிக்காரனின் பேர் அவனுக்கே தெரியாது.

இங்கேயே வளர்க்க விட்டால் அந்தப் பொதி நிற்கும் என்பது சரி. படகு நிற்குமா? கஞ்சா ஒரு மூட்டை, மணமும் கிலோமீற்றருக்கு அடிக்கும். ஐஸ் ஒரு லஞ்ச் பெட்டிக்குள் அடங்கும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

கறுப்புக் கோட்:
வலைக்காரர் சொன்னது இந்தத் திரியிலேயே கனமான கேள்வி. என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் விற்பனையையும் வழக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். போர்த்துக்கல் கடை திறக்கவில்லை. 2001இல் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்தில் இருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். எந்தப் போதைப்பொருள் என்றாலும் பத்து நாளுக்குக் காணும் அளவு. விற்றால் இன்னும் சிறைதான். பிடிபட்டவர் கோர்ட்டுக்கு அல்ல, சிறிய குழு ஒன்றின் முன் போவார்; சட்டம் படித்தவரும் வைத்தியம், சமூகசேவை தெரிந்தவர்களும் அதில் இருப்பார்கள். கூடவே சிகிச்சைக்கும் காசு ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2020இல் இதைப் போல ஒன்றை வாக்கெடுத்துக் கொண்டுவந்தது. சிகிச்சை நிலையங்கள் ஆயத்தமாகவில்லை, தெருவில் பாவனை கூடியது என்று ஆத்திரம். 2024இல் திருப்பி எடுத்துவிட்டார்கள்.

வார்ட் நேர்ஸ்:
நான் கேட்பதும் அந்தச் சிகிச்சைதான். எங்களிடம் இருப்பது கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, மோதல் வந்து, நூற்றுக்கணக்கானவர்கள் வேலி தாண்டி ஓடினார்கள். அதைப் புனர்வாழ்வு என்று நான் எப்படிச் சொல்வது?

சிவன்கோயிலடி டீச்சர்:
சரி, கடைக்கு நான் கடைசிவரை எதிர்ப்புத்தான். ஆனால் இரண்டு பீடித் தூளுக்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கை முழுக்கக் கறை பூசுவது அநியாயம். பிடித்தால் தாயைக் கூப்பிடுங்கள், நேர்ஸ் போல ஒருவரிடம் அனுப்புங்கள். அதற்கு நான் கையெழுத்து வைக்கிறேன்.

கறுப்புக் கோட்:
எத்தனை கிராம்வரை டீச்சர்? சட்டம் என்றால் இலக்கம் வேண்டும். போர்த்துக்கலில் கஞ்சாவுக்கு 25.

சிவன்கோயிலடி டீச்சர்:
25 என்றால் எவ்வளவு இருக்கும்?

திருக்கடலூர் வலைக்காரன்:
50 கிராம் தேயிலைப் பக்கெட்டில் பாதி.

சிவன்கோயிலடி டீச்சர்:
ஐயோ, அவ்வளவா! 5க்கு மேல் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

உப்புவெளியான்:
10?

சிவன்கோயிலடி டீச்சர்:
இது மீன் சந்தை இல்லை தம்பி.

கிண்ணியா நானா:
எனக்கு 5உம் வேண்டாம், 10உம் வேண்டாம். நேர்ஸ், ஒரு பெடியனுக்கு வார்டில் இடம் கிடைக்குமா என்பதை மட்டும் சொல்லுங்கள். நான் கேட்பது என் காக்காவின் மகனுக்கு.

வார்ட் நேர்ஸ்:
தனி மெசேஜ் போடுங்கள் நானா. கிளினிக் நாள் சொல்கிறேன், முதலில் உம்மாவோடு வரட்டும்.

திருக்கடலூர் வலைக்காரன்:
உப்புவெளியான், கட்டார் போகாத பெடியன் இப்போது என்ன செய்கிறான்? என் படகில் ஒரு ஆள் குறைவு.

உப்புவெளியான்:
வீட்டில் சும்மா இருக்கிறான். கேட்டுச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் வாந்திதான் எடுப்பான், பரவாயில்லையா?

திருக்கடலூர் வலைக்காரன்:
எல்லாரும் எடுத்ததுதான். விடிய மூன்று மணிக்குக் கரையில் நிற்கச் சொல்லுங்கள்.