லீஸ் பணம் 5 லட்சம் வரல, ஓனர் செக் தரேன்கிறார்: சாவியைக் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை வாசி:
தண்டையார்பேட்டையில் சிங்கிள் பெட்ரூம் வீடு, 5 லட்சத்துக்கு லீஸ். 11 மாசம்னு 20 ரூபா பத்திரத்தில் எழுதி நோட்டரி போட்டது, ரிஜிஸ்டர் பண்ணல. 3 லட்சம் பேங்க் வழியா, 2 லட்சம் கையில். கெடு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. "அடுத்த ஆள் வந்ததும் தரேன்"னு இருந்த ஓனர், இப்போ "பின்தேதி செக் தரேன், சாவியக் கொடு"ங்கிறார். வீட்டை விக்கப் போறார்னும் பேச்சு. ஒப்பந்தம் மனைவி பேரில். ஸ்டேஷனா, கோர்ட்டா?

பத்திரக்காரர்:
சாவியைக் கொடுக்காதீங்க. உங்க கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான்.

"11 மாசம்னா ரிஜிஸ்டர் வேண்டாம்" என்பது வாடகைக்கு. மொத்தமாப் பணம் கொடுத்து, வட்டிக்குப் பதிலா வீட்டில் குடியிருந்தா சட்டம் அதைப் போக்கியமா, அதாவது அடமானமாப் பார்க்க இடம் இருக்கு. கடன் 100 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா, ரெண்டு சாட்சியோட பதிவு பண்ணணும். பதியாததால வீட்டின் மேல் உரிமை கேட்பது கஷ்டம். ஆனா கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். 3 லட்சத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். கையில் கொடுத்த 2 லட்சம்தான் ஆடும். மொத்தம் 5 லட்சம் பெற்றுக்கொண்டதா பத்திரத்தில் ஓனர் கையெழுத்து இருக்கா பாருங்க. இல்லன்னா இப்பவே "பாக்கி 5 லட்சம்"னு எழுதிக் கையெழுத்து வாங்குங்க.

கெடு முடிஞ்ச நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட்டுடணும். ஓனர் வாயால் சொல்ற தவணை அந்தக் கணக்கை நீட்டாது, கையெழுத்துப் போட்ட எழுத்துதான் நீட்டும்.

போலீஸ் ஸ்டேஷன்ல மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். (மனு வாங்கினதுக்கான ரசீது) தருவாங்க, கூப்பிட்டுப் பேசுவாங்க. பணம் வசூலிச்சுத் தர அவங்களுக்கு அதிகாரம் இல்ல. ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு லீஸ் விட்டிருந்தா கதை வேற, அது மோசடி.

கோர்ட் வாசல்:
விற்பனைப் பேச்சை அலட்சியமா விடாதீங்க. பதிவுத்துறை தளத்தில் இன்னைக்கே வில்லங்கம் போட்டுப் பாருங்க. வீட்டுப் பத்திரத்தை ஓனர் பேங்கில் டெபாசிட் பண்ணிக் கடன் வாங்கியிருந்தா பெரும்பாலும் அதில் தெரிஞ்சிடும்.

வழக்கோட, தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்டு ஒரு மனுவும் போடலாம் (சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 38, விதி 5). "விக்கப் போறார்னு கேள்வி" என்று மட்டும் எழுதினா தள்ளுபடி ஆகும். புரோக்கர் அனுப்பின வாட்ஸ்அப், "விற்பனைக்கு" போர்டு போட்டோ, இதெல்லாம் சேர்க்கணும்.

கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்துப் பார்க்கலாம், கட்டணமே இல்ல. ஒப்பந்தம் மனைவி பேரில் இருப்பது நல்லதாப் போச்சு: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச வக்கீல் உண்டு. அவங்க நடத்துற லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆனா அது தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஓனர் வரமாட்டேன்னா மட்டும் அங்க ஒண்ணும் நடக்காது.

ஓனர் பூட்டு மாத்தி வெளியேத்தினா, 6 மாசத்துக்குள் சுவாதீனம் (வீட்டைத் திரும்பக் கைக்கு) கேட்டு வழக்குப் போடணும்.

தண்டையார்பேட்டை வாசி:
ரொம்ப நன்றிங்க. செக் ஓனரோட மகன் அக்கவுண்ட்ல இருந்து வருதாம். பரவாயில்லையா?

கணக்குப்பிள்ளை:
சிக்கலே அங்கதான். "எனக்கும் இவங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்ல"ன்னு மகன் கோர்ட்டில் சொல்லுவார். "அப்பா தரவேண்டிய லீஸ் பணத்துக்காக, இந்த எண் செக்கைத் தருகிறேன்" என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்தா வாங்குங்க.

திரும்பின செக்கில் கேஸ் தோற்பது பெரும்பாலும் தேதியில். செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாசத்துக்குள் பேங்கில் போடணும். ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பிடுச்சுன்னு பேங்க் தர்ற சீட்டு) மார்ச் 4 கைக்கு வந்தா, ஏப்ரல் 3-க்குள் செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் போகணும். அதை அவர் ஏப்ரல் 10 வாங்கினா 15 நாள் அவகாசம், 25 வரை. அதுக்கு முன்னாடி கோர்ட்டில் புகார் கொடுத்தா செல்லாது. 26-லிருந்து ஒரு மாசத்துக்குள் கொடுக்கணும். நோட்டீஸில் செக் தொகையை அப்படியே கேளுங்க. வட்டி, வக்கீல் செலவெல்லாம் கூட்டி ஒரே தொகையா எழுதினா நோட்டீஸே விழுந்துடும்.

டி.டி. எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. ஒரு கையில் டி.டி., மறு கையில் சாவி.