அமெரிக்க டாக்டர்களை இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்ல சேர்க்கிற கிரெடென்ஷியலிங் வேலை பார்க்கிறவங்க, உங்களுக்கு மறக்காத ஒரு ஃபைல் எது?

நைட்ஷிஃப்ட்_பெருங்குடி:
மோஸ் சர்ஜன் (தோல் கேன்சரை அடுக்கடுக்கா வெட்டி எடுக்கிறவர்), டெக்சாஸ் கிளினிக், புதுசா சேர்ந்தவர். அப்ளிகேஷன் போட்டு 97-ஆவது நாள். ராத்திரி ரெண்டரைக்கு இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டு, 40 நிமிஷம் ஹோல்டு மியூசிக். அப்புறம் ஒரு அம்மா வந்து, "ஹனி, இந்த ஃபைலை மூடி மூணு வாரம் ஆச்சே"ன்னாங்க. அந்த 'ஹனி' இன்னும் காதுலயே இருக்கு. இன்ஷூரன்ஸ்காரங்க டாக்டர் விவரம் பார்க்கிற சிஏக்யூஹெச் தளத்துல, 120 நாளைக்கு ஒரு தடவை 'எல்லாம் சரி'ன்னு டாக்டர் அட்டெஸ்ட் பண்ணணும். கடைசியா பண்ணி 120 நாள் தாண்டியும் இவர் பண்ணல. ஒரே ஒரு பட்டன்! அதுக்குள்ள மனுஷன் 17311 (மோஸ் சர்ஜரியோட பில் கோடு) பதினொண்ணு முடிச்சிருந்தார். எல்லாமே பி7, அதாவது அந்தத் தேதியில இந்த டாக்டருக்குக் காசு கிடையாதுன்னு கோடு போட்டுத் திரும்பி வந்துச்சு.

தோல்டாக்டர்_நியூஜெர்சி:
அந்தப் பட்டனை அமுக்காத கூட்டம்தான் நானும், மன்னிச்சுக்குங்க. எனக்கு ரெசிடென்சி முடிஞ்சு வேலையில சேர 14 மாசம் ஆச்சு. வேலையில இடைவெளி ஆறு மாசம் தாண்டினா காரணம் கேப்பாங்க, ஒரு வருஷம் தாண்டினா எழுதியே தரணும். "குழந்தை பிறந்தது, வளர்த்தேன்"னு எழுதினேன். எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. பக்கத்துல பையன் பருப்புசாதத்தைத் தரையில தேய்ச்சுட்டு இருந்தான். எப்போடா முடிஞ்சுதுன்னு அவனைத்தான் கேக்கணும்.

நெல்லை_பில்லர்:
தம்பி பெருங்குடி, கோவிச்சுக்காதே, டாக்டரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நடுவுல ஒரு தடவைகூட ஸ்டேட்டஸ் கேக்கலியா? எனக்கும் நடந்துச்சு, ரெண்டாவது கிளினிக் அட்ரஸை லிங்க் பண்ண விட்டுட்டேன், நாலு மாச கிளெய்ம் போச்சு. அத விடு. 120 நாள்னா 90-லயே டாக்டரை உக்கார வச்சு அட்டெஸ்ட் வாங்கு. மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் ஃபேஸ்ஷீட் (பாலிசி சுருக்கம்) காலாவதி தேதியைத் தனியா காலண்டர்ல போடு. எந்த நாள்ல இருந்து நெட்வொர்க்ல செல்லும்னு சொல்ற எஃபெக்டிவ் தேதி லெட்டர் கைக்கு வராம ஷெட்யூல் திறக்க விடாதே. மெடிகேர்னா (அரசு இன்ஷூரன்ஸ்) 30 நாள் பின்னாடி போய் பில் பண்ணலாம், பிரைவேட்காரன் பெரும்பாலும் ஒரு நாள்கூடத் தரமாட்டான். இன்னொண்ணு, யாராவது வந்து சீனியர் டாக்டரோட என்பிஐ (அடையாள நம்பர்)ல பில் போட்டுடுங்கம்பான். போடாதே. பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்) பார்த்ததை மெடிகேர்ல 'இன்சிடென்ட் டு'ன்னு, அதாவது டாக்டர் பேர்ல, போட்டா முழுக்காசு, பிஏ பேர்லயே போட்டா 85 சதவீதம், ஆசை வரும்தான். ஆனா பருவுக்கு ஃபாலோ அப் வந்தவர் சட்டையைத் தூக்கி முதுகுல புது மச்சம் காட்டினா அது புதுப் பிரச்சினை, அங்க இன்சிடென்ட் டு செல்லாது. தோல் கிளினிக்ல யார்தான் புது மச்சம் காட்டாமப் போறாங்க?

நைட்ஷிஃப்ட்_பெருங்குடி:
அண்ணே, கேட்டேன். 30, 60, 75-ஆவது நாள். மூணு ரெஃபரன்ஸ் நம்பரும் இருக்கு. மூணு தடவையும் "இன் பிராசஸ்"தான். ஃபைலை மூடினது 76-ஆவது நாள்.