கொடோவிலை தமிழ் வசனம் உடையுது, போளையும் சுவருக்குள்ளாலை போகுது. ஆராவது உதவுங்கோ

போளைக்காரன்
வணக்கம். ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் சும்மா இருக்கிற ஆள் நான், இடம் கோண்டாவில். ஆறு மாசமா சூப்பர் நின்ரெண்டோ காலத்துப் பாணியிலை கொடோ எண்ட கேம் செய்யிற மென்பொருளிலை ஒரு பிக்சல் கேம் செய்துகொண்டிருக்கிறன். குரொஸ்கோட் விளையாடினதாலை பிடிச்ச பைத்தியம் இது. 2018இலை ஜேர்மன் ஆக்கள் வெளியிட்ட கேம். பந்தை எறிஞ்சு, சுவரிலை பட்டுத் தெறிக்கவைச்சு சுவிட்ச் அடிக்கவேணும், இடையிலை சண்டையும் வரும். என்ரை கேமிலை பந்துக்குப் பதிலாப் போளை. பெடியன் ஒருத்தன் தோட்டக்காணியிலை போளை அடிச்சு, மடை திறந்து, பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறவேணும். துலாவும் கிணறும் வரும், கிணத்துக்குள்ளை பேயும் வரும்.

வசனம் எல்லாம் தமிழிலைதான் வேணும். அங்கைதான் பிரச்சினை. "கொஞ்சம் பொறு" எண்டு எழுதினா ககரம் முன்னுக்கு நிக்குது, கொம்பும் காலும் அதுக்குப் பின்னாலை சேந்து ஓடுது. "பெடியன்" எண்டதிலை கொம்பு பகரத்துக்குப் பின்னாலை. மூண்டு ஃபொன்ட் மாத்திப் பாத்திட்டன், எல்லாத்திலையும் இதே கதைதான்.

அடுத்தது, வேகமா எறிஞ்ச போளை சில நேரம் சுவரிலை படாமல் அப்பிடியே அங்காலை போகுது. பத்துக்கு ரெண்டு தரம். மெதுவா எறிஞ்சா ஒரு பிழையும் இல்லை. ரெண்டு கிழமையா மண்டை காயுது.

கச்சான்சுருள்
தம்பி, கொடோ எத்தினையாம் பதிப்பு? போளையின்ரை வேகம் என்ன, சுவர் எத்தினை பிக்சல் தடிப்பு? போளையை என்னெண்டு நகர்த்திறீர் எண்டதையும் சொல்லும். உதுகள் தெரியாமல் நாங்கள் சாத்திரம்தான் சொல்லவேணும்.

போளைக்காரன்
சொறி அண்ணை. பதிப்பு 3.5. லப்டொப் பழசு, அதாலைதான் 4க்குப் போகேல்லை. வேகம் செக்கனுக்கு 1200 பிக்சல். சுவர் ஒரு கட்டம், 16 பிக்சல். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் போளையின்ரை பொசிஷனோடை வேகத்தைக் கூட்டுறன். சுவரிலை பட்டதோ எண்டு ஏரியா2டீ வைச்சுப் பாக்கிறன்.

கச்சான்சுருள்
விடை உம்மடை கணக்குக்குள்ளையே கிடக்கு. கொடோவின்ரை ஃபிசிக்ஸ் கணக்கு வழமையா செக்கனுக்கு 60 தரம் ஓடுது. 1200ஐ 60ஆலை பிரியும், 20 வரும். எண்டால் உம்மடை போளை உருண்டு போகேல்லை, 20 பிக்சல் 20 பிக்சலாப் பாயுது. சுவர் 16 தான். ஒரு பாய்ச்சலிலை சுவருக்கு இஞ்சால நிக்கும், அடுத்ததிலை அங்காலை நிக்கும். இடையிலை சுவர் இருந்தது கொடோவுக்குத் தெரியவே தெரியாது.

பொசிஷனைக் கூட்டுறதை விடும். போளையை கரக்டர்பொடி2டீ ஆக்கி (3.5இலை எண்டால் அதின்ரை பேர் கினமற்றிக்பொடி2டீ) மூவ்_அண்ட்_கொலைட் பாவியும். அது போற வழி முழுக்கத் தடவிப் பாத்துத்தான் போகும். பட்டா, எதிலை எந்தப் பக்கத்திலை பட்டது எண்டு திருப்பித் தரும். பட்ட பக்கத்துக்குச் செங்குத்தான திசைதான் நோர்மல். அதை வேகத்தின்ரை பவுன்ஸ் எண்ட ஃபங்ஷனுக்குக் குடுத்தாத் தெறிக்கிற கோணம் தானா வரும். மிச்சத் தூரத்தையும் அதே ஃபிரேமிலை ஓடவிட மறக்காதையும். மறந்தா ஒவ்வொரு தெறிப்பிலையும் போளை ஒரு சொட்டுப் பிந்தும். புதிர் நேரக்கணக்கிலை எண்டால் அந்தச் சொட்டே ஆளைக் கவிழ்க்கும்.

தமிழ் எழுத்து விஷயம் எனக்குத் தெரியாது. நான் செய்ததெல்லாம் இங்கிலீசிலைதான்.

பழைய_அச்சுக்காரன்
தம்பி, எங்கடை காலத்துப் புத்தி ஒண்டு சொல்லுறன். பாமினி ஃபொன்ட் போடும். பாமினியிலை கொம்பு ஒரு விசை, ககரம் ஒரு விசை, கால் ஒரு விசை. கண்ணாலை பாக்கிற ஒழுங்கிலையே தட்டுறது. "தமிழ்" எண்டு வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மெசினுக்குத் தமிழ் எண்டு ஒண்டும் தெரியத் தேவையில்லை, அது இங்கிலீசு எழுத்தெண்டு நினைச்சுக்கொண்டு வரிசையா அடுக்கும். இருவது வருசமாக் கலியாணக் காட்டும் கல்வெட்டும் உப்பிடித்தான் அடிச்சனாங்கள். ஒரு கொம்பும் இடம் மாறினதில்லை.

செவ்வரத்தை
ஐயா சொல்லுறது வேலை செய்யும், அதைப் பிழையெண்டு சொல்லமாட்டன். ஆனால் தம்பி, நாளைக்கு வசனக் கோப்பைத் திறந்தா ஜேகேபிஓ எண்டுதான் கிடக்கும். எழுத்துப்பிழை பாக்கக் குடுத்தா ஒருத்தராலையும் வாசிக்க ஏலாது. பெயர் கேக்கிற பெட்டியிலை விளையாடுற பிள்ளை யூனிகோட்டிலை தன்ரை பேரைத் தட்டினா அதுவும் குழம்பும்.

நடக்கிறது இதுதான். யூனிகோட்டிலை "பெ" எண்டதை முதல் ப, பேந்து கொம்பு எண்டுதான் சேமிக்கிறது, நாங்கள் சொல்லுற ஒழுங்கு. திரையிலை கொம்பை முன்னுக்குத் தூக்கி வைக்கிறது ஷேப்பிங் எண்ட வேலை. கொடோ 3க்கு அந்த வேலை தெரியாது, வந்த ஒழுங்கிலை கீறிப்போட்டுப் போகும். 2023 மார்ச்சிலை வந்த 4.0இலைதான் ஷேப்பிங் செய்யிற ஹார்ஃப்பஸ் உள்ளுக்கு வந்தது. அதாலை ஃபொன்ட் மாத்திப் பிரயோசனமில்லை, பதிப்பை மாத்தும். லப்டொப் பழசெண்டு பயப்பிடாதையும். புரொஜெக்ட் திறக்கேக்கை படம் கீறுற ரெண்டரரை கொம்பற்றிபிலிட்டி எண்டு தெரிவு செய்தா வல்கன் எண்ட புது கிராபிக்ஸ் முறை தேவையில்லை, பழைய ஓப்பின்ஜிஎல் 3.3 காணும். மாத்த முந்தி முழு ஃபோல்டரையும் வேறை இடத்திலை ஒரு கொப்பி எடுத்து வையும். நான் எடுக்காமல் ஒருக்கா அழுதனான்.

போளைக்காரன்
அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. 4க்கு மாறியாச்சு. ஒரு முழு நாள் போச்சு, பாதிப் பேருகள் மாறிப்போய்க் கிடக்கு. போளை இப்ப நூறு எறிஞ்சா நூறும் சுவரிலைதான். கொம்பும் முன்னுக்கு வந்திட்டுது!

ஆனால் புதுசா ஒரு கூத்து. வசனம் தட்டச்சு மாதிரி ஒவ்வொரு எழுத்தா வரவேணும் எண்டு, எத்தினை எழுத்துத் தெரியவேணும் எண்டு சொல்லுற விசிபிள்_கரக்டர்ஸைக் கூட்டிக்கொண்டு போறன். "கொ" வரேக்கை முதல் க வருது, அடுத்த கணம் அந்தக் க வலப்பக்கம் துள்ளி முன்னாலை கொம்பு முளைக்குது. மெய்யெழுத்து எல்லாம் முதல் அகரமா வந்து பேந்துதான் புள்ளி. வசனம் முழுக்கப் பேய் பிடிச்சமாதிரி ஆடுது. எழுத்துக்கு ஒரு டிக் சத்தம் வைச்சனான், "அம்மா"வுக்கு அது அஞ்சு தரம் கேக்குது.

இன்னொண்டு. தங்கச்சியை இருத்தி விளையாடப் பண்ணினன். புதிரின்ரை குறிப்பு "கல்லில் ஏறி எறி". கல்லுக்கு மேலை ஏறி நிண்டு எறிஞ்சாத்தான் போளை உயரத்திலை போய் துலாவிலை படும். அவள் கால்மணித்தியாலமாக் கீழை நிண்டு கல்லுக்கே எறிஞ்சுகொண்டு இருக்கிறாள். "என்னடி செய்யிறாய்" எண்டு கேட்டா, "கல்லில் எறி எறி எண்டுதானே போட்டிருக்கிறாய்" எண்டாள். கிட்டப் போய்ப் பாத்தன். 10 பிக்சல் உயரத்திலை ஏகாரத்தின்ரை கீழ்க்கோடு காணவேயில்லை. அவளிலை பிழை இல்லை.

செவ்வரத்தை
ஐயோ, "எறி எறி"க்கு வாய்விட்டுச் சிரிச்சிட்டன், அலுவலகத்திலை எல்லாரும் திரும்பிப் பாக்கினம்.

துள்ளலுக்கு மருந்து லேசு. வசனம் காட்டுற ரிச்ரெக்ஸ்ட்லேபலிலை விசிபிள் கரக்டர்ஸுக்குப் பக்கத்திலை பிஹேவியர் எண்டு ஒண்டு இருக்கு. அது வழமையா பிஃபோர் ஷேப்பிங்கிலை நிக்கும். வசனத்தை முதல் வெட்டிப்போட்டுப் பேந்து எழுத்தைக் கோக்கும், அதாலைதான் கொம்பு பிந்தி முளைக்குது. ஆஃப்டர் ஷேப்பிங் எண்டு மாத்தும். முழு வசனத்தையும் முதல் கோத்திட்டு, எழுத்து முடிஞ்சாத்தான் வெளியிலை விடும்.

சத்தத்துக்கு: "அம்மா" எங்களுக்கு மூண்டு எழுத்து, மெசினுக்கு அ, ம, புள்ளி, ம, கால் எண்டு அஞ்சு. யூனிகோட் குறியீட்டு எண் 3006இலை இருந்து 3021 வரை வந்தா டிக்கை அடிக்காதையும். உயிர்க்குறியும் புள்ளியும் எல்லாம் அதுக்குள்ளைதான்.

இனி எழுத்துருவம். உம்மடை திரை எத்தினை பிக்சல்?

போளைக்காரன்
320க்கு 180, முழுத்திரையாப் பெருப்பிக்கிறன். லப்டொப் 1366க்கு 768.

செவ்வரத்தை
அதிலையே இன்னொரு நோய் கிடக்கு. 1366ஐ 320ஆலை பிரிச்சா 4.27. ஒரு பிக்சல் 4 அகலம், பக்கத்திலை இருக்கிறது 5 அகலம். ஏகாரத்தின்ரை கோட்டைத் திண்டது இதுவும்தான். நேரா 4 மடங்கு, 1280க்கு 720 வையும். பக்கங்களிலை 43, மேலையும் கீழையும் 24 கறுப்பா நிக்கும், நிக்கட்டும். கொடோ 4.2இலை இருந்து ஸ்ட்ரெச் ஸ்கேலை இன்ரிஜர், அதாவது முழு எண் மடங்கு, எண்டு போட ஏலும்.

எழுத்துக்கு என்ரை வழி இது: விளையாட்டை 320க்கு 180 சப்வியூபோட்டுக்குள்ளை (திரைக்குள்ளை ஒரு சின்னத் திரை) போட்டு, அதின்ரை கொன்ரெயினரிலை ஷ்ரிங்க் 4 குடும். வசனப்பெட்டியை அதுக்கு வெளியிலை, முழுத் துல்லியத்திலை வைச்சு நோட்டோ சான்ஸ் தமிழ் எண்ட ஃபொன்ட் போடும். படம் பிக்சல், எழுத்துத் துப்பரவு.

பனாட்டு
அக்கா கோவிக்காதேங்கோ, எனக்கு அது கண்ணுக்குள்ளை குத்தும். சதுரம் சதுரமான பெடியனுக்குப் பக்கத்திலை வழுவழு எண்டு எழுத்து நிண்டா, வேட்டிக்குச் சப்பாத்துப் போட்டமாதிரி. பிக்சலிலையே தமிழ் கீறலாம். 247 எழுத்தும் கீறத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, புள்ளியும் குறிகளுமா 8, உகர ஊகார வரிசை 36, டி, டீ. மொத்தம் 77 தான். பேந்து கிரந்தம். ஃபொன்ட் செய்யிற ஃபொன்ட்ஃபோர்ஜ் மென்பொருளிலை நான் 14 பிக்சல் உயரத்திலை செய்து பாத்தனான். உகர வரிசைதான் ஆளைக் கொல்லும். கு ஒரு மாதிரி, து வேறை மாதிரி, ஒவ்வொண்டும் தனிக் கோலம். ஆனால் ணகரத்துக்கு மூண்டு சுழி, னகரத்துக்கு ரெண்டு எண்டு தெளிவாத் தெரிஞ்ச நாள் ஒரு சந்தோசம் வந்தது பாருங்கோ.

படமா அடுக்கிற பிட்மப் ஃபொன்ட் மட்டும் செய்யாதையும் தம்பி. அதுக்கு ஷேப்பிங் இல்லை, திரும்பியும் கொம்பு பின்னாலை ஓடும்.

பழைய_அச்சுக்காரன்
14 காணாது பிள்ளை, மேலை விசிறிக்கு இடம் விடும். "வீ" வரேக்கை தலை வெட்டுப்படும். ஈயத்திலை அடிச்ச காலத்திலையும் எங்களுக்கு அதுதான் கரைச்சல்.

போளைக்காரன்
ஆஃப்டர் ஷேப்பிங் போட்டன், துள்ளல் நிண்டிட்டுது. டிக் இப்ப மூண்டு தரம்.

எழுத்துக்கு இப்போதைக்கு செவ்வரத்தை அக்கா சொன்னமாதிரி செய்திருக்கிறன். பனாட்டு அண்ணை, அந்த 77ஐயும் கீறத் தொடங்கியாச்சு, ஐயாவுக்காக 16 உயரம். இண்டைக்கு "கு"விலை இருந்து "ணு" வரைக்கும் வந்திருக்கிறன்.

தங்கச்சியைத் திரும்ப இருத்தினன். குறிப்பை ஒருக்கா வாசிச்சாள், கல்லிலை ஏறினாள், எறிஞ்சாள், துலா சாய்ஞ்சு தண்ணி வந்திட்டுது. பேந்து திரும்பி, "மற்றப் பாத்திக்கு ஏன் தண்ணி போகேல்லை?" எண்டு கேட்டாள். மடை திறக்கிற பகுதியை நான் இன்னும் எழுதேல்லை.